முதலில் மரபணுவின் பெயர் தெரியட்டும்

கேள்வி: டாக்டர், நாங்கள் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் குடியிருக்கிறோம். என் மகனுக்கு 17 வயது, மகளுக்கு 12. மகனுக்குச் சிறு வயதிலிருந்தே மாலைக்கண். மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா’ என்ற பரம்பரை விழித்திரை நோய் என்று சொல்லி, இதற்கு வைத்தியம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். சென்ற மாதம் அந்தி நேரத்தில் மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் விழுந்துவிட்டான். மரபணு ஊசி போட்டால் பார்வை திரும்பும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. ஒரு தனியார் மையத்தில் விசாரித்தோம். இரண்டு கண்ணுக்கும் ஸ்டெம் செல் ஊசி போட 60,000 ரிங்கிட் கேட்கிறார்கள். வீட்டை விற்றுவிடலாம் என்கிறார் கணவர். அவர் என் அத்தை மகன். சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று உறவினர்கள் பேசுவதைத் தாங்க முடியவில்லை. என் தம்பிக்கும் இரவில் கண் தெரியாது. 32 வயதில் கார் ஓட்டுவதையே நிறுத்திவிட்டான். என் அம்மாவின் தாய்மாமாவும் எஸ்டேட்டில் ரப்பர் பால் எடுக்க இருட்டில் மரம் வெட்டப் போக முடியாமல், பகலில் செய்யும் வெளிக்காட்டு வேலைதான் செய்தாராம். நாங்கள் என்ன செய்வது? மகனுக்குப் பார்வை முழுதாகப் போய்விடுமா?
— ஒரு தாய், பிறை

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டை விற்காதீர்கள். அந்த மையத்திற்கு இன்னொரு முறை போகவும் வேண்டாம். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன். இந்தப் பதில் உங்கள் கைக்கு வருவதற்குள் முன்பணம் கட்டிவிடப் போகிறீர்களே என்ற பதைப்பில் இதை முதலில் எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் ஊசியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் என் கண் நின்றது கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு செய்திகளின் மேல்: உங்கள் தம்பி, உங்கள் அம்மாவின் தாய்மாமா. பரம்பரைக் கண் நோய் என்று யார் வந்தாலும் நாங்கள் முதலில் ஒரு காகிதத்தை எடுத்துக் குடும்பத்தை வரைவோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ளவர்களைக் கறுப்பாக நிரப்புவோம். உங்கள் குடும்பத்தை வரைந்தபோது மூன்று சதுரங்கள் கறுத்தன. அம்மாவின் தாய்மாமா, உங்கள் தம்பி, உங்கள் மகன். அந்த மூவரையும் இணைக்கும் பாட்டி, அம்மா, நீங்கள் என்ற மூன்று வட்டங்களும் வெள்ளையாகவே நின்றன.

விடிவதற்கு முன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் நாம். அந்த இருட்டில் ஒரு வாலிபன் வேர் தடுக்கி விழுந்துகொண்டே இருந்தால் அவனைச் சோம்பேறி என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர் ஏன் வெளிக்காட்டு வேலைக்குப் போனார் என்பதை உங்கள் அம்மா நினைவில் வைத்துச் சொன்னது, எந்த ஸ்கேன் கருவியும் தராத தகவல்.

நோய் உள்ள ஆண்கள், அவர்களுக்கு இடையே நோய் வெளியே தெரியாத பெண்கள் என்று தலைமுறை தலைமுறையாக வந்தால், கோளாறு, மரபணுக்களைச் சுமக்கும் இழைகளில் ஒன்றான எக்ஸ் குரோமோசோமில் இருக்க வாய்ப்பு அதிகம். பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றொன்று ஓரளவு ஈடுகட்டிவிடும். ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று, அதுவும் தாயிடமிருந்து வருவது. அதில் பிழை இருந்தால் ஈடுகட்ட ஆளில்லை. அப்படிச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு; ஒவ்வொரு மகளும் தாயைப் போலச் சுமப்பவராக இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு.

இப்போது உறவினர்களின் பேச்சுக்கு வருகிறேன். உங்கள் கணவர் உங்கள் அப்பாவின் சகோதரி மகன். இந்த நோயோ உங்கள் அம்மாவின் வழியில் வருகிறது. தகப்பனின் எக்ஸ் மகனுக்குப் போவதே இல்லை. மகனுக்குத் தகப்பன் கொடுப்பது ஒய் குரோமோசோம். ஆகவே நான் நினைப்பது சரியானால், நீங்கள் அத்தை மகனைக் கட்டியிருந்தாலும், ஊர் பேர் தெரியாத ஒருவரைக் கட்டியிருந்தாலும், உங்கள் மகனுக்கு இதே வாய்ப்புதான் இருந்திருக்கும். இதை அந்த உறவினர்களிடம் நீங்களே சொல்லுங்கள். தயங்கினால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

இதைப் படித்ததும், ‘அப்படியானால் என் வழியாகத்தானே வந்தது’ என்று பழியை நீங்கள் உங்கள் மேல் எடுத்துப் போட்டுக்கொள்வீர்களோ என்று அஞ்சுகிறேன். எத்தனையோ தாய்மார்கள் என் எதிரில் உட்கார்ந்து அப்படித்தான் அழுதிருக்கிறார்கள். அம்மா, உங்கள் கண் நிறத்தை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்களா? ஒரு கருமுட்டையில் எந்த எக்ஸ் போய்ச் சேரும் என்பதில் யாருடைய விருப்பத்திற்கும் செயலுக்கும் இடமில்லை.

மற்றொரு வழியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாய், தகப்பன் இருவரும் ஒரே மரபணுவில் பிழையைச் சுமந்து, இரண்டும் பிள்ளையிடம் சேரும்போது வரும் வகையும் உண்டு. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நெருங்கிய சொந்தத்தில் மணப்பவர்கள் ஒரே முன்னோரிடமிருந்து ஒரே பிழையைப் பெற்றிருக்கக்கூடும் என்பதால், இந்த வகைக்குச் சொந்தத் திருமணம் உண்மையில் வாய்ப்பைக் கூட்டுகிறது. தாய்மாமனுக்கே பெண்ணைக் கொடுக்கும் குடும்பங்களில் இன்னும் கூடுதல். உங்கள் குடும்பத்தில் இது இருக்க வாய்ப்பு குறைவு என்று மூன்று தலைமுறைச் சதுரங்கள் சொல்கின்றன. ஆனால் காகிதத்தில் வரைந்தது தீர்ப்பாகாது. இரத்தப் பரிசோதனைதான் தீர்ப்பு.

அதற்கு முன்பே உங்கள் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் மருத்துவமனைக்கு மகனோடு எத்தனை முறை போயிருப்பீர்கள்? ஒரு முறையாவது யாராவது உங்கள் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்களா? எக்ஸ் வகை நோயைச் சுமக்கும் பெண்களில் சிலருக்கு விழித்திரையின் நடுப்பகுதியைச் சுற்றிப் பொன்தூள் தூவியது போன்ற மினுமினுப்புத் தெரியும். பார்வையில் குறை ஏதும் இல்லாதவர்களிடமும் அதைப் பார்க்கலாம். தெரியாவிட்டால் நீங்கள் சுமப்பவர் அல்ல என்று பொருளில்லை. தெரிந்துவிட்டால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்பது ஒரு நோயின் பெயர் போலத் தெரிந்தாலும், விழித்திரையின் ஓரத்திலிருந்து பார்வை தேய்ந்து வரும் பல நோய்களுக்கு வைத்த குடும்பப் பெயர் அது. பரம்பரை விழித்திரை நோய்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இதுவரை 280-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. மரபணு சிகிச்சை என்பது ஒரு குறிப்பிட்ட மரபணுவின் நல்ல நகலை அந்தச் செல்லுக்குள் கொண்டு சேர்ப்பது. எந்த மரபணு என்று தெரியாமல் எந்த ஊசியைத் தேடுவது? உங்கள் மகனுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். ‘வைத்தியம் இல்லை’ என்று ஒரு வரியில் ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இன்று அங்கீகாரம் பெற்றுப் பயன்பாட்டில் இருக்கும் லக்ஸ்டர்னா என்ற மருந்து, ஆர்பிஇ65 என்ற ஒரே ஒரு மரபணுவுக்கானது. அந்த வாட்ஸ்அப் செய்தியும் பெரும்பாலும் அதைப் பற்றியதாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் 2017 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. மறு ஆண்டு ஐரோப்பாவில். அதன் கதை நாய்களில் தொடங்கியது. பிரியார்ட் என்ற இன நாய்களுக்கு இதே மரபணுவில் பிழை வந்து பிறவியிலேயே பார்வை மங்கிவிடும். லான்சலாட் என்ற குட்டி உள்பட மூன்று நாய்களுக்குச் சிகிச்சை கொடுத்து, பார்வை திரும்பியதை 2001இல் வெளியிட்டார்கள். ஃபிலடெல்ஃபியாவில் ஜீன் பென்னட், ஆல்பர்ட் மெக்வையர் என்ற மருத்துவத் தம்பதி அதை மனிதர்களுக்குக் கொண்டுவந்தார்கள். லண்டனிலும் அதே காலத்தில் சோதனை நடந்தது. 2008இல் இரு குழுக்களின் முதல் முடிவுகளும் வெளிவந்தன.

அது ஏன் பலித்தது என்பதை நீங்கள் புரிந்துகொள்வது முக்கியம். ஒளியைப் பிடிக்கும் செல்களுக்கு வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ஒரு பொருள் வேண்டும். ஒளி பட்டதும் அந்தப் பொருள் உருமாறிவிடும். அதைப் பழைய உருவுக்குத் திருப்பிக் கொடுப்பது அருகில் உள்ள மற்றோர் அடுக்குச் செல்களின் வேலை. அந்த வேலையைச் செய்யும் நொதியைத் தருவதுதான் ஆர்பிஇ65. அது கெட்டுப்போனவர்களின் ஒளிச் செல்கள் பட்டினியில் வாடுகின்றன, ஆனால் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கின்றன. நொதியைக் கொடுத்ததும் எழுந்து வேலை செய்கின்றன. அனுமதி கேட்பதற்கு முன் நடக்கும் மூன்றாம் கட்டச் சோதனையில் சிகிச்சை பெற்ற 20 பேரில் 13 பேர், ஓராண்டு முடிவில், வெறும் ஒரு லக்ஸ் வெளிச்சத்தில் தடைகளைத் தாண்டி வழி கண்டு நடந்தார்கள். ஒரு மெழுகுவர்த்தியை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் கிடைக்கும் வெளிச்சம் அது. சிகிச்சை பெறாதவர்களில் ஒருவராலும் முடியவில்லை. இதைப் படித்த நாள் எனக்கு மறக்காது. நான் படித்த காலத்தில் எங்கள் பாடநூல் இந்த நோய்களுக்கு ஒதுக்கிய சிகிச்சைப் பகுதி நான்கு வரிதான்.

ஊசி என்கிறோமே, கையில் போடுவது போன்றதல்ல அது. மயக்கம் கொடுத்து, கண்ணுக்குள் இருக்கும் கூழை முதலில் அகற்றி, தலைமுடி போன்ற மெல்லிய குழாயை விழித்திரைக்கு அடியில் செலுத்தி, 0.3 மில்லிலிட்டர் மருந்தை ஏற்றுவார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அப்பத்தின் நடுவில் கொப்புளம் எழுவது போல விழித்திரை மெல்ல மேலே எழும். பிறகு நோயாளி 24 மணி நேரம் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். இரண்டு கண்ணையும் ஒரே நாளில் தொடுவதில்லை. சிலருக்குச் சிகிச்சை பெற்ற இடத்தைச் சுற்றி விழித்திரை மெலிந்து போவதும் பின்னர் தெரியவந்திருக்கிறது. விலை, அமெரிக்காவில் ஒரு கண்ணுக்கு 425,000 டாலர் என்று அறிவித்தார்கள். இரு கண்ணுக்கும் நம் பணத்தில் மூன்று மில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல்.

உங்கள் மகனுக்கு ஆர்பிஇ65 கோளாறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்திலேயே காட்டிக்கொடுக்கும். மேலும் அது எக்ஸ் குரோமோசோமில் இல்லை. எக்ஸ் வழியாக வரும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவில் பத்தில் ஏழு, எட்டுக் குடும்பங்களில் காரணமாக இருப்பது ஆர்பிஜிஆர் என்ற மரபணு. என் ஊகம் அதுதான். இங்கே ஒரு செய்தியைக் குறித்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அந்த மரபணுவில் ஓஆர்எஃப்15 என்று ஒரு பகுதி உண்டு. மரபணு எழுதப்பட்டிருக்கும் வேதி எழுத்துகளில் அதே எழுத்துகள் திரும்பத் திரும்ப வருவதால், அவற்றைப் படிக்கும் சாதாரண வரிசைப்படுத்தும் முறைகள் அங்கே தடுமாறும். பிழைகளில் பெரும்பகுதி அங்கேதான் குவிந்திருக்கின்றன. ‘எல்லா மரபணுவும் பார்த்தோம், ஒன்றுமில்லை’ என்று வந்த அறிக்கை, அந்தப் பகுதியைச் சரியாகப் படிக்காத அறிக்கையாக இருக்கலாம். ‘ஓஆர்எஃப்15 பகுதியையும் தனியாகப் பார்ப்பீர்களா’ என்று கேட்டுவிட்டு இரத்தம் கொடுங்கள்.

ஆர்பிஜிஆருக்கான மரபணு சிகிச்சை எந்த நிலையில் இருக்கிறது? மனிதர்களிடம் முதல் சோதனை 2017இல் ஆக்ஸ்போர்டில் தொடங்கியது. நகலைச் சுமந்து செல்வது ஏஏவி என்ற, நோய் தராத சிறு வைரஸ். அதன் சுமை வரம்பு ஏறக்குறைய 4,700 எழுத்து. சிறிய கப்சாய் மோட்டார் சைக்கிளில் அரிசி மூட்டையை ஏற்றலாம், அலமாரியை ஏற்ற முடியாது. ஸ்டார்கார்ட் என்ற மற்றொரு விழித்திரை நோய்க்குக் காரணமான ஏபிசிஏ4 மரபணு 6,800 எழுத்துக்கு நீள்வதால் அதற்கு வேறு வண்டி தேடுகிறார்கள். ஆர்பிஜிஆர் 3,500 எழுத்துதான்; ஏறிவிடும். சிக்கல் வேறிடத்தில். இங்கே பாதிக்கப்படுவது ஒளிச் செல்லே. அது பட்டினியில் காத்திருப்பதில்லை, வரிசையாகச் சாகிறது. செத்த செல்லுக்கு நல்ல மரபணுவைக் கொடுத்துப் பயனில்லை. 2021இல் ஒரு சோதனையும், 2025இல் இன்னொரு பெரிய மூன்றாம் கட்டச் சோதனையும் தாங்கள் வகுத்துக்கொண்ட முதன்மை இலக்கை எட்டவில்லை. சில அளவீடுகளில் முன்னேற்றம் தெரிந்தது. அங்கீகாரத்திற்கு அது போதவில்லை. வேறு குழுக்கள் தொடர்கின்றன. ஆகவே இன்று உங்கள் மகனுக்குப் போட ஆர்பிஜிஆர் ஊசி எங்கும் விற்பனையில் இல்லை. ஆனால் சோதனையில் சேர ஒரு வாய்ப்பு வரும்போது, ‘எந்த மரபணு, எந்தப் பிழை’ என்ற ஆய்வக அறிக்கை கையில் இருப்பவரைத்தான் அழைப்பார்கள். அதுவும் செல்கள் மிச்சமிருக்கும் வயதில். 17 வயது நல்ல வயது. அதனால்தான் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள் என்கிறேன்.

இனி அந்த 60,000 ரிங்கிட் ஸ்டெம் செல் ஊசி. புதுச் செல்களாக வளரும் என்று சொல்லிச் சில செல்களைக் கண்ணில் ஏற்றுவது அது; மரபணு சிகிச்சை அல்ல. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2015இல், வயது முதிர்ந்த மூன்று பெண்கள், அவர்களின் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த ‘ஸ்டெம் செல்’ என்று சொல்லப்பட்டதை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஏற்றிக்கொண்டார்கள். ஆளுக்கு 5,000 டாலர் கட்டினார்கள். ஊசிக்கு முன் ஓரளவு பார்வை இருந்தது. சில நாட்களில் இரத்தக்கசிவும் விழித்திரைப் பிரிவும் ஏற்பட்டு, பார்வையைப் பெருமளவு இழந்தார்கள். ஒருவருக்கு வெளிச்சம்கூடத் தெரியாமல் போனது. 2017இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த அந்தக் கட்டுரையின் விழித்திரைப் படங்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மகனிடம் இப்போது இருக்கும் நடுப்பார்வை, அவன் புத்தகம் படிக்கும் அந்தச் சிறு வட்டம், விலைமதிக்க முடியாதது. அதைப் பணயம் வைக்கவா வீட்டை விற்பது?

உண்மையான ஆய்வு உங்களிடம் சிகிச்சைக்குப் பணம் கேட்காது. முதலில் மரபணு அறிக்கையைக் கேட்கும். சோதனை நிலையில் உள்ள எதையும் இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் போடாது. என்ன கெடுதல் வரக்கூடும் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்து, வீட்டில் படித்துவிட்டு வரச் சொல்லும். நம் நாட்டில் நடப்பதானால் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கும். தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேட்டால் தயங்காமல் கொடுப்பார்கள். ஆனால் பதிவேட்டில் பெயர் இருப்பதை மட்டும் நம்பிவிட முடியாது. ஃபுளோரிடாவில் நடந்ததும் அமெரிக்கப் பொதுப் பதிவேட்டில் ஆய்வு என்றே பதிவாகியிருந்தது. பணம் கேட்டார்களா, இரண்டு கண்ணையும் கேட்டார்களா என்ற இரண்டு கேள்வியே பெரும்பாலான பொய்களைப் பிடித்துவிடும். உங்களிடம் இரண்டையும் கேட்டிருக்கிறார்கள்.

பார்வை முழுதாகப் போய்விடுமா என்று கேட்டீர்கள். இந்த நோய்க் குடும்பத்தில் வெளிச்சமே தெரியாத முழு இருட்டு அபூர்வம். ஆனால் எக்ஸ் வகை மற்றவற்றைவிட வேகமாகப் போகும். முப்பது, நாற்பது வயதுகளில் வெள்ளைக் கோல் தேவைப்படலாம். இதை மென்று விழுங்காமல் சொல்வதுதான் உங்களுக்கு நான் செய்யும் மரியாதை. அதே நேரம், நோயோடு வந்து ஒட்டிக்கொண்டு பார்வையைக் கெடுக்கும் சில விஷயங்களுக்கு இன்றே வைத்தியம் உண்டு. விழித்திரை நடுவில் நீர் கோத்துக்கொள்வது ஒன்று. விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் தெரியும், பலருக்குச் சொட்டு மருந்திலேயே குறையும். இளவயதில் வரும் கண்புரை மற்றொன்று. ஆண்டுக்கு ஒரு முறை இவற்றைப் பார்க்க வேண்டும். ‘வைத்தியம் இல்லை’ என்று கேட்ட நாளிலிருந்து நீங்கள் மகனைக் கண் மருத்துவரிடம் காட்டவே இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். அந்த மூன்று ஆண்டுகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வைட்டமின் ஏ-யை அதிக அளவில் கொடுத்தால் நோய் மெதுவாகும் என்று 1993இல் ஓர் ஆய்வு சொன்னது. பல டாக்டர்கள் எழுதிக் கொடுத்தோம். 2023இல் அதே தரவுகளை மரபணு முடிவுகளோடு சேர்த்து மறுபடி அலசியபோது பலன் எதுவும் தெரியவில்லை. ஏபிசிஏ4 பிழை உள்ளவர்களுக்குக் கூடுதல் வைட்டமின் ஏ கெடுதல் செய்யக்கூடும். முருங்கைக்கீரையும் காரட்டும் தாராளமாகச் சமைத்துக் கொடுங்கள். மரபணு தெரியும் வரை கடையில் விற்கும் கண் மாத்திரைகள் வேண்டாம்.

பரிசோதனைக்கு, பினாங்குப் பொது மருத்துவமனையின் கண் பிரிவில் பதிந்துகொண்டு, மரபியல் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கோலாலம்பூர் மருத்துவமனையின் மரபியல் துறைக்கோ மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திற்கோ அனுப்பக்கூடும். முடிவு வரச் சில மாதங்கள் ஆகலாம். ‘பொருள் நிச்சயமில்லாத மாற்றம்’ என்று ஒரு வரி வந்தாலும் கலங்காதீர்கள். உலகத் தரவுகளில் ஐரோப்பியர்களே அதிகம்; நம்மவர்களிடம் காணும் மாற்றங்களை எடைபோட ஒப்பிடுவதற்கு ஆள் போதவில்லை. அங்கேதான் உங்கள் தம்பியின் இரத்தம் உதவும். அதே மாற்றம் அவரிடமும் இருந்து, நோயில்லாத ஆண்களிடம் இல்லாமல் போனால், நிச்சயமில்லாதது நிச்சயமாகிவிடும். அவரையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். அவருக்கே கூட ஒரு செய்தி இருக்கிறது. பாரிஸைச் சேர்ந்த குழுவினர், 2021இல் வெளியிட்ட ஆய்வில், நாற்பது ஆண்டுகளாக இந்த நோயோடு வாழ்ந்த 58 வயது மனிதரின் விழித்திரையில், சாகாமல் மிச்சமிருந்த வேறு வகைச் செல்களுக்கு ஒளியை உணரும் மரபணுவைக் கொடுத்தார்கள். சிறப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, மேசையில் இருந்த நோட்டுப் புத்தகத்தை அவர் கை நீட்டித் தொட்டார். எந்த மரபணுவால் நோய் வந்தது என்பதையே சாராத வழி இது. இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. ஆனால் செல்கள் தீர்ந்துபோனவர்களுக்கும் ஆய்வாளர்கள் கதவைச் சாத்தவில்லை.

மகளுக்கு இப்போது மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டாம். கண்ணை ஒரு முறை பார்த்தால் போதும். அவள் சுமப்பவளா என்று அறிவது அவளுடைய உரிமை. வளர்ந்த பிறகு, அவள் கேட்டுச் செய்துகொள்ளட்டும்.

மோட்டார் சைக்கிள் விஷயத்துக்கு இவ்வளவு நேரம் கழித்து வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பயமுறுத்தியது அதுதான். கால்வாயில் விழுந்தது கவனக்குறைவால் அல்ல. அவனுக்கு நேரே தெரியும், பக்கவாட்டில் தெரியாது. அந்தியில் நேரேயும் மங்கும். மூளை அந்த இடைவெளியை நிரப்பிக் காட்டுவதால், தனக்குத் தெரியவில்லை என்பதே அவனுக்குத் தெரியாது. சாவியை இன்றே வாங்கி வையுங்கள். பகலிலும் வேண்டாம். பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஓடி வரும் குழந்தையை அவன் பார்க்கப் போவதில்லை. நீங்கள் கேட்டால் சண்டை வரும், தகப்பனார் கேட்டால் கதவு அறையப்படும். அவன் தாய்மாமா, அதாவது உங்கள் தம்பி கேட்கட்டும். 32 வயதில் தானே சாவியைக் கீழே வைத்தவர் அவர். அந்த வீட்டில் இதைச் சொல்லும் தகுதி அவருக்குத்தான் இருக்கிறது. அந்த நாள் எப்படி இருந்தது, மறுநாள் வேலைக்கு எப்படிப் போனார், பஸ் எண்ணை எப்படிப் படிக்கிறார் என்றெல்லாம் அவனிடம் பேசச் சொல்லுங்கள்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப் போகிறவன் என்றால், பார்வைக் குறைவுள்ள மாணவர்களுக்குக் கூடுதல் நேரம் உண்டு. பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், டாக்டர் கடிதம் வேண்டும். சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளி அட்டைக்கும் அதே கடிதம் உதவும். எழுத்துத் தெளிவாகத் தெரிந்தாலும், சுற்றிலும் தெரியும் பரப்பான பார்வைப் புலம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சுருங்கியவர்கள் தகுதி பெறுவார்கள். அட்டை வாங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்காதீர்கள். 1926இல் தொடங்கிய செயின்ட் நிக்கோலஸ் இல்லம் பினாங்கு பாகான் ஜெர்மாலில் இருக்கிறது. குறைந்த பார்வையோடு படிப்பதற்கும் நடமாடுவதற்கும் பயிற்சி கேட்டு அங்கே போகலாம். பார்வை இருக்கும்போதே கற்றுக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

கண் பிரிவுக்குப் போகும் நாளில் நீங்கள், மகன், தம்பி மூவரும் சேர்ந்தே போங்கள். பழைய கண் பரிசோதனைச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பப் படத்தை நீங்களே ஒரு தாளில் வரைந்து கொண்டுபோங்கள்; அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டு, அந்தத் தாய்மாமாவின் பெயரையும் அவர் இருந்த எஸ்டேட்டையும் எழுதிக்கொள்ளுங்கள். மூவருக்கும் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் வெயில் கூசும், எழுத்துத் தெரியாது. கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது உங்கள் கணவரைக் காரோடு வரச் சொல்லுங்கள்.